பாகாலா சீல்

என் வீட்டில் எனக்குப் ‘பாதி’ என்று பெயர். வைத்தவன் என் அண்ணன் ரகு. பள்ளிச் சான்றிதழில் கௌசிகா என்று இருக்கிறது. ஆனால் நகரியில் எங்கள் தெருவுக்கு வந்து கௌசிகா வீடு எது என்று கேட்டால் விசைத்தறிச் சத்தத்தில் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பாதி வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.

பெயர் பொருந்தவில்லை என்று என்னால் வாதாட முடியாது. தையல் வகுப்பில் தைத்த, ஒரு கை மட்டும் வைத்த ஜாக்கெட் இன்னும் பெட்டியில் இருக்கிறது. இந்திப் பரீட்சை எட்டில் நான்கு எழுதினேன். தட்டில் போட்ட தோசையை முழுதாகத் தின்றதில்லை என்று அம்மா சொல்வாள். எல்லாவற்றிலும் மோசம் என் புத்தக அலமாரி. மொழிபெயர்ப்பு நாவல்கள் முப்பத்தொன்று வைத்திருக்கிறேன். ரஷ்யா, நார்வே, ஜப்பான், துருக்கி, பெயர் உச்சரிக்க வராத இரண்டு நாடுகள். ஒவ்வொன்றிலும் நூற்று நாற்பதாம் பக்கத்தை ஒட்டி ஒரு பஸ் டிக்கெட் செருகியிருக்கும். அதற்கப்பால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் அலமாரியில் இன்னும் யாரும் சாகவில்லை. கல்யாணங்கள் எல்லாம் நிச்சயதார்த்தத்தோடு நிற்கின்றன. உலக இலக்கியம் முழுவதும் நல்ல நிலையில் எனக்காகக் காத்திருக்கிறது.

திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. அங்கே டாக்டரின் அறையில் ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. ஏழுமலை நெடுந்தூரச் சைக்கிள் சங்கம், இருநூறு கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள். கீழே டாக்டரின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: முடித்தவர். நோயாளிகள் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது பார்ப்பதற்கென்று மாட்டியது. நான் வாயை மூடிக்கொண்டே அதை ஒரு வருடம் பார்த்தேன். ஒரு மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதி, சீல் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்க ஒரு சங்கம் இருக்கிறதென்றால், அது எனக்காகவே ஏற்பட்ட சங்கம் என்று தோன்றியது.

ஹைதராபாத்துக்கு வேலை மாறிப்போன நர்ஸ் ஒருத்தி விட்டுச்சென்ற கியர் சைக்கிள் ஒன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் அடியில் கிடந்தது. அதைத் துடைத்து, காற்றடித்து, சைபீரியா என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்தது மே மாதத்தில்.

சங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். மற்றவர்கள் கமிட்டிகளில் இருந்தார்கள். பேனர் கமிட்டி, மாலை கமிட்டி, டிபன் கமிட்டி, டிபன் கமிட்டியை மேற்பார்வையிடும் கமிட்டி. சைக்கிள் கமிட்டி என்றும் ஒன்று இருந்ததாம். கூட்டத்துக்கு ஆள் வராததால் கலைத்துவிட்டார்கள். நான் சேர்ந்த அன்றே மகளிர் அணி அமைப்பாளர் ஆனேன். வேறு மகளிர் இல்லை. ஆகவே மகளிர் அணிக் கூட்டங்களை விடுதியில் என் கட்டிலில் உட்கார்ந்து நடத்தி, தீர்மானங்களை வாட்ஸப் குழுவில் போடுவேன். ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று எழுதும்போது உண்மையாகவே ஒரு பெருமிதம் வரும்.

ஞாயிறுதோறும் பயிற்சிப் பயணம். திருச்சானூரில் ஓர் இட்லிக் கடை வரை போய்த் திரும்ப வேண்டும். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. அதற்கு நான்கு மணி நேரம் ஆனது. புறப்படுமுன் ஒரு படம், புறப்பட்டதும் ஒரு படம், இட்லியுடன் ஒரு படம், கடைசியில் எல்லோரும் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு படம். சங்கத்தில் சேர்ந்து ஒரே மாதத்தில் என் கால்களைவிடக் கைகள் பலமாகிவிட்டன. கால்களுக்காக யாருக்கும் சொல்லாமல் தினமும் விடிகாலையில் சந்திரகிரி வரை தனியாகப் போய் வந்தேன். சங்கத்தின் விதிப்படி தனியாக ஓட்டுவது ஒழுங்கீனம்.

தலைவர் சுரேஷ்பாபு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வியாபாரம் செய்பவர். செயலாளர் நரசிம்மன் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர்; விதிப் புத்தகம் அவர் எழுதியது. மூன்றாவதாகக் கன்னையா. இவர் பாகாலா கட்டுப்பாட்டு அதிகாரி. நெடுந்தூரப் பயணத்தில் வழியில் சில ஊர்களில் கட்டுப்பாட்டு நிலையம் என்று ஒன்று வைப்பார்கள். அங்கே ஓர் அதிகாரி சீலோடு உட்கார்ந்திருப்பார். குறித்த நேரத்துக்குள் போய் நம் பயண அட்டையைக் காட்டினால் கட்டத்தில் சீல் அடித்துத் தருவார். எங்கள் பாதை திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகப் பங்காருபாளையம் போய், அதே வழியில் திரும்புவது. அட்டையில் ஐந்து கட்டங்கள்: பாகாலா, சித்தூர், பங்காருபாளையம், மறுபடி சித்தூர், மறுபடி பாகாலா. கன்னையா தன் சீலை நகைக்கடைச் சிவப்புப் பெட்டியில் வைத்திருப்பார். முழங்கால் வலியால் அவர் சைக்கிளைத் தொட்டு இருபது வருடம் ஆகிறதென்று கேள்வி.

ஜூன் மாதம் இருநூறு கிலோமீட்டர் பயணம் அறிவித்தார்கள். பெயர் கொடுத்தேன். அந்த வாரம் ஊருக்குப் போனபோது ரகுவிடம் சொன்னேன். அறுந்த நூலை முடிபோட்டுக்கொண்டே, நூறாவது கிலோமீட்டர்ல போன் பண்ணு, ஆட்டோ அனுப்பறேன் என்றான். நான் முடித்துவிட்டு வந்தால் பெயரை மாற்ற வேண்டும் என்றேன். சரி என்றான். அம்மா சாட்சி. நைனா, அதாவது எங்கள் அப்பா, தறியை நிறுத்தவில்லை; ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல்நாள் மாலை ஆயத்தக் கூட்டம். சுரேஷ்பாபு பேசினார். அவர் பேசும்போது ஒருவர் மைக்கைப் பிடித்திருந்தார், ஒருவர் விசிறினார், ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“மன சங்கத்துல, நம்ம சங்கத்துல, சைக்கிள் ரெண்டாவது. மொதல்ல டிசிப்ளின். எவரும் எவருக்கும் ஹெல்ப் பண்ணக் கூடாது. பஞ்சரா, நீயே போடு. தாகமா, நீயே தேடிக் குடி. மயக்கமா, நீயே விழு, நீயே எந்திரி. அதான் நெடுந்தூரம்.”

பாட்டில்காரர் பாட்டிலை நீட்டினார். தலைவர் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் படித்த நாவல்களில் எல்லாம் இப்படித்தான், பனியில் தன்னந்தனியாகப் போகிறவர்களைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் வரை வரும்.

அட்டையில் புறப்படும் நேரம் காலை ஐந்தரை என்று அச்சிட்டிருந்தது. கடிகாரம் அந்த நிமிஷத்திலிருந்தே ஓடும். நாங்கள் புறப்பட்டது ஆறே கால். முதலில் எல்லாச் சைக்கிள்களுக்கும் பூஜை. டயருக்கு இரண்டு வீதம் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் வந்தார். தலைவரின் வரவேற்புரை தெலுங்கில் நடந்தது. அதையே இங்கிலீஷில் அவர் இன்னொரு முறை பேசினார். நகரி, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் உறுப்பினர்களுக்காக நரசிம்மன் மூன்றாவது முறை தமிழில் பேசினார். நேரத்தின் அருமை பற்றிய உரை அது. மகளிர் அணி என்பதால் நான் மேடையில் சந்தனத் தட்டோடு நின்றேன். மேடைக்குப் பின்னால் கன்னையாவின் கார் டிக்கி திறந்திருப்பதும், அங்கே ஒரு வரிசை நிற்பதும் தெரிந்தது. டீ கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடி அசைந்தது. முப்பத்தெட்டு சைக்கிள்கள் எழுபத்தாறு டயர்களோடு எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறின. நான்கு பேர் அங்கேயே சறுக்கி விழுந்தார்கள். தலைவரின் அறிவுரைப்படி அவர்களே விழுந்து அவர்களே எழுந்தார்கள்.

சந்திரகிரி வந்ததும் பெரும்பகுதி டிபனுக்கு ஒதுங்கியது. வேகமாக ஓட்டுகிற சிலர் அதற்கு முன்பே கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். நான் நடுவில் தனியாகிவிட்டேன். முதுகுப் பையில் பஞ்சர் சாமானுக்குப் பக்கத்தில் ஒரு ரஷ்ய நாவலும் இருந்தது. முந்நூற்று எண்பது பக்கம். பள்ளி ஆய்வாளர் ஒருவர் தொலைதூர ஊர் ஒன்றுக்குப் புறப்பட்டு, வழியில் ஒரு தபால் வண்டி நிலையத்தில் மாற்றுக் குதிரைகளுக்காகக் காத்திருக்கிறார். குதிரை இல்லை என்கிறார் நிலைய அதிகாரி. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இரண்டு மாதமாக அவர் என்னால் உட்கார்ந்திருக்கிறார். வெயில் முதுகில் ஏற ஏற நான் அவரையும் பனியையும் நினைத்துக்கொண்டு மிதித்தேன். எதிரே வந்த மாங்காய் லாரிகள் பனிச்சறுக்கு வண்டிகளாகத் தெரிந்தன. இரண்டு முறை வழியைத் தவறவிட்டேன். இரண்டு முறையும் நாய்கள் திருப்பி அனுப்பின.

பாகாலாவில் முதல் கட்டத்துக்குக் காலை எட்டு இருபது வரை நேரம். நான் எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து நிமிஷம் கையில். வாழ்க்கையில் அதற்கு முன் நான் எங்கேயும் ஐந்து நிமிஷம் முன்னால் போனதில்லை.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சங்கத்தின் பேனர் தொங்கியது: ‘பாகாலா கட்டுப்பாட்டு நிலையம்’. கீழே ஸ்டூல். ஸ்டூலில் ஆள் இல்லை. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் ரத்தினம்மா என்று பலகையில் எழுதியிருந்தது. அதிகாரி எங்கே என்று கேட்டேன்.

“இங்க அதிகாரி எவரும் வந்ததில்லம்மா. பேனரு மட்டும் வரும். வருஷா வருஷம் வரும். நல்ல பேனரு, மழைக்குத் தாங்குது.”

மேலே பார்த்தேன். கூரை முழுக்கப் பழைய பேனர்கள். ஐந்து வருடத்துச் சுரேஷ்பாபுக்கள் வரிசையாகப் படுத்தபடி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கன்னையாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எட்டு இருபது ஆயிற்று. எட்டு முப்பதும் ஆயிற்று. நான் வந்ததற்கு ஏதாவது சாட்சி வேண்டும் என்று ரத்தினம்மாவிடம் அட்டையை நீட்டி, கட்டங்களையும் சீலையும் விளக்கினேன். கடை திறந்த நேரத்தில் இது என்ன தொல்லை என்ற முகத்தோடு கேட்டார். பிறகு குடித்துவிட்டு வைத்த ஒரு கிளாஸை எடுத்து, அதன் ஈர அடியை அட்டையின் பின்பக்கத்தில் அழுத்தினார். பழுப்பு நிறத்தில் அச்சாக ஒரு வட்டம் விழுந்தது. பக்கத்தில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டு, 8.15 என்று எழுதினார்.

“சீலுதான வேணும்? போ. ஸ்டூலு மேல பையை வெக்காத.”

சித்தூரில் நிலையம் ஒரு பெட்ரோல் பங்கில். அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே இரண்டாவது கட்டத்தில் சீல் அடித்தார். நூறாவது கிலோமீட்டரில் பங்காருபாளையம். மாங்காய் மண்டி நிழலில் மேசை போட்டு நரசிம்மனே உட்கார்ந்திருந்தார். முன்னால் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டுகள். மணி பதினொன்று ஐம்பது; பன்னிரண்டு பத்து வரை நேரம் உண்டு. என் அட்டையை வாங்கியவர் முகம் மாறியது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கட்டத்தை நிரப்பக் கூடாது, விதி பதினேழு என்றார். பாகாலாவில் ஆள் இல்லையே என்றேன். ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று விதியில் இல்லை, ஏனென்றால் ஆள் இல்லாமல் இருக்க மாட்டார் என்றார்.

பக்கத்தில் நிதின் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தான். சங்கத்தில் உண்மையாகவே சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஏழெட்டு பேரில் ஒருவன். சித்தூர் ஐ.டி.ஐ.யில் வேலை பார்க்கிறான். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“பாகாலா ஊருக்குள்ளயா போன? அங்க யாரு போவாங்க? நாங்கல்லாம் பைபாஸ்ல வந்துட்டோம்.”

“அப்போ சீல்?”

“காலைலயே போட்டுக்கினோமே, கன்னையாண்ண கார் டிக்கில. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. நீ எங்க இருந்த?”

“மேடையில. சந்தனத் தட்டு வச்சிக்கினு.”

“அடடா,” என்று சொல்லி ஒரு துண்டு மாங்காய் கொடுத்தான்.

நரசிம்மன் வெகுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் சீல் அடித்து, அதன் மேலே ‘ஆட்சேபணைக்கு உட்பட்டு’ என்று எழுதிக் கொடுத்தார். எழுத்து அழகாக இருந்தது.

இங்கிருந்துதான் நான் ரகுவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். சரியாக நூறாவது கிலோமீட்டர். கையில் போன் இருந்தது, பெயரும் எடுத்துவிட்டேன். ஆட்டோ நகரியிலிருந்து வர எவ்வளவு நேரமாகும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். பிறகு அவன் குரலில் ‘பாதி’ என்ற சொல் கேட்டது. பாதி வழியில் நின்று பாதி என்று கூப்பிடப்படுவதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. போனைப் பைக்குள் நாவலின் மேல் வைத்துவிட்டு ஏறினேன்.

திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பனி, குதிரை எல்லாம் போய்விட்டன. முழங்கால், தண்ணீர், முழங்கால். சித்தூர் பங்கில் அதே ஆள் அதே மாதிரி அடித்தார். மூன்றரைக்குப் பாகாலா. ஸ்டூலில் இப்போது ஒரு பூனை இருந்தது. ரத்தினம்மா என்னைக் கேட்காமலே அட்டையைப் பிடுங்கி இரண்டாவது வட்டத்தை வைத்தார். முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொன்னார். டீயில் சர்க்கரை அதிகம் போட்டார். இது அடுத்தவர் உதவியில் சேருமா என்று எனக்குப் பயமாக இருந்தது. குடித்துவிட்டேன்.

மாலை ஆறு நாற்பத்தொன்றுக்கு, காலையில் புறப்பட்ட திருப்பதி மைதானத்துக்குள் நுழைந்தேன். ஏழு மணி வரை நேரம். பந்தல்காரர்கள் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ‘முடிவு’ என்று எழுதிய வளைவு தரையில் படுத்திருந்தது. சிறப்பு விருந்தினருக்கு வேறு நிகழ்ச்சி இருந்ததால் பதக்கங்களை நாலு மணிக்கே கொடுத்து முடித்துவிட்டதாகப் பந்தல்காரர் சொன்னார். வழியில் இருந்தவர்களுக்கும் சேர்த்து, வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்களாம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்த வளைவைச் சுற்றி ஒரு முறை வந்தேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். காலை நகர்த்துங்கம்மா, கயிறு மாட்டுது என்றார்கள்.

அன்றிரவே வாட்ஸப்பில் முடித்தவர்கள் பட்டியல் வந்தது. முப்பத்தேழு பேர். சந்திரகிரியில் இட்லி தின்றுவிட்டுத் திரும்பியவர்களும், எலுமிச்சம்பழத்தில் விழுந்தவர்களும் இருந்தார்கள். ஐந்து சீலும் அவர்களிடம் இருந்ததாம். மற்ற மூன்று எப்படி வந்தன என்று கேட்க நினைத்தேன். பிறகு டிக்கி பெரியது என்பது நினைவுக்கு வந்தது.

நான் மேல்முறையீடு செய்தேன். விதி நாற்பதின்படி மகளிர் அணியின் பரிந்துரை தேவை என்றார்கள். கட்டிலில் உட்கார்ந்து பரிந்துரைத்தேன்.

விசாரணை திருச்சானூர் இட்லிக் கடை மாடியில் நடந்தது. சுரேஷ்பாபு நடுவில், நரசிம்மனும் கன்னையாவும் இருபுறமும். அட்டையின் பின்பக்கத்து வட்டங்களைக் கன்னையா கண்ணாடி போட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். இஞ்சி டீ என்றார். நான் பாகாலாவில் எட்டே காலுக்கு இருந்தேன், நீங்கள் இல்லை என்றேன். அவருக்கு மனசு நிஜமாகவே புண்பட்டது.

“அஞ்சு வருசமா நான் பாகாலா அதிகாரிம்மா. ஒரு நாளு லீவு போட்டதில்ல. பாகாலாவுக்கு எதுக்குப் போவணும்?”

சுரேஷ்பாபு கையை உயர்த்தி அவரைச் சமாதானப்படுத்தினார். என்னைப் பார்த்துத் தங்கையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“சூடு தல்லி, இதோ பாரும்மா, நீ அங்க போயிருப்ப. நான் நம்பறேன். ஆனா சங்கம் நம்பறதுக்கு ஒரு பத்ததி, ஒரு மொற இருக்குது. ஊரு எங்கயும் போவும். இன்னிக்கு இந்த ஜில்லா, நாளைக்கு வேற ஜில்லா. சீலு ஒண்ணுதான் நிலையா இருக்கறது. சீலு எங்க இருக்குதோ, அதான் பாகாலா. நீ போன எடத்துல சீலு இல்ல. அப்போ நீ போனது எந்த ஊருன்னு நீதான் சொல்லணும்.”

மாடியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நரசிம்மன் விதிகளை வரிசையாக எடுத்தார். பாகாலா கட்டம் காலி. ஆகவே நான் பாகாலா வரவில்லை. சங்கத்தின் வரைபடத்தில் பாகாலா வராமல் சித்தூர் போக வழியில்லை. ஆகவே சித்தூர் சீல் செல்லாது. சித்தூர் இல்லையேல் பங்காருபாளையம் இல்லை. தன் கையால் அடித்த சீலைத் தானே ரத்து செய்து கையெழுத்திட்டார். கடைசியில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் எழுதிய சொல்லைத் தலைகீழாக வாசித்தேன்: துவங்காதவர்.

எனக்கு அழுகை வந்தது. முடித்தவர் வேண்டாம், முடிக்காதவர் என்றாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். ஆயுள் முழுக்க நான் ஓடி ஒளிந்த சொல் அது. அன்றைக்கு அதை வேண்டிக் கைகூப்பி நின்றேன்.

“முடிக்காதவர் ஆகணும்னா துவங்கியிருக்கணும் இல்லையாம்மா,” என்றார் நரசிம்மன் கனிவாக. “துவங்கினதுக்கு ஆதாரம் முதல் சீல்தான்.”

புறப்பட்ட வீடியோவைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். நான் வரும் எல்லா இடத்திலும் என் முகத்தைச் சந்தனத் தட்டு மறைத்திருந்தது.

அந்தச் சொல்லோடு வந்த தீர்ப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ரகு வாங்கிப் படித்தான். சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் இரண்டாவது முறையும் படித்துவிட்டு, கவலையோடு அம்மாவிடம் திரும்பினான்.

“பாதின்னு வச்சதே ஜாஸ்தி போலக்கீதே.”

நைனா தறியை நிறுத்தினார். அவர் நிறுத்துவது கரண்ட் போனால்தான். அறை திடீரென்று அமைதியானதும் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“நீ போனியா, போவலியா?”

“போனேன் நைனா.”

“திரும்பி வந்தியா?”

“வந்தேன்.”

“அப்புறம் இன்னா?” என்று கேட்டுவிட்டு மறுபடி தறியைப் போட்டார்.

இருநூறு கிலோமீட்டரும் என் காலில்தான் இருந்தது. மாடிப்படி ஏறும்போது நாலு நாள் அதை உணர்ந்தேன். ஆனாலும் மனம் தளர்ந்த நேரத்தில் சுவரைப் பார்த்தால் அங்கே கண்ணாடிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாவிட்டால் நான் போகவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. சங்கத்தைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அவர்கள் சீலை நம்பியதைவிட நான் அதிகமாக நம்பினேன்.

அடுத்த வருடம் கன்னையா துணைத்தலைவரானார். பாகாலா பதவி காலி. நான் மனம் நொந்திருப்பதாகவும், சங்கம் தாயுள்ளம் கொண்டது என்றும் சொல்லி அதை எனக்குக் கொடுத்தார்கள். மறுக்க வேண்டும் என்று விடுதியிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்திருந்தேன். சிவப்புப் பெட்டியைக் கையில் கொடுத்ததும் ஏற்புரை ஆற்றிவிட்டேன். பாகாலா சீல் இனி பாகாலாவில் மட்டுமே அடிக்கப்படும் என்று அறிவித்தேன். பலத்த கைதட்டல். கன்னையாதான் முதலில் தட்டினார். ‘கட்டுப்பாட்டு அதிகாரி’ என்ற பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு விடுதிக் கண்ணாடி முன்னால் நான் நின்ற நேரத்தைச் சொல்ல மாட்டேன்.

ஜூன் வந்தது. விடியுமுன்னே புறப்பட்டு, சைபீரியாவில் ஆறரைக்கெல்லாம் பாகாலா போய்விட்டேன். பேனர் எனக்கு முன்பே வந்திருந்தது. ரத்தினம்மா என் பேட்ஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தார்.

“ஓ, நீதான் இப்போ வராத ஆளா,” என்றார்.

அட்டைப்படி ஆறு நாற்பத்தாறுக்கு நிலையம் திறந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி இருந்தேன். யார் தாமதமாக வந்தாலும் அடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் விடக் கூடாது என்று நினைத்தேன். எட்டு இருபதுக்கு ஒருவரும் வரவில்லை. எட்டு முப்பதுக்கு வாட்ஸப்பில் படங்கள் வந்தன: மேடை, எலுமிச்சம்பழம், கார் டிக்கி, வரிசை. ஓர் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாகாலா சீல், இரண்டு கட்டத்திலும், பளிச்சென்று. புதிதாக இன்னொரு சீல் செய்திருந்தார்கள். என்னுடையதைவிட எழுத்து அழகு.

தலைவர் சொன்ன கணக்குப்படி பாகாலா அந்த நேரத்தில் திருப்பதியில் இருந்தது. நான் இருந்த இடத்துக்குப் பெயர் இல்லை.

ஆனாலும் திரும்பி வருகிறவர்களுக்காக மாலை மூன்று ஐம்பத்தெட்டு வரை அதிகாரி நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நான் விதிக்குக் கட்டுப்பட்டவள். பையைத் திறந்தேன். பள்ளி ஆய்வாளர் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் குதிரைக்காகக் காத்திருந்தார்.

படித்தேன். வேறு செய்வதற்கு எதுவும் இல்லை. இதுவரை எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. ரயில்கள் வந்தன, நின்றன, போயின. ரத்தினம்மா ஒரு தட்டில் இரண்டு தோசை வைத்தார்; புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டையும் தின்றுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. இருநூற்றைம்பதாம் பக்கத்தில் முதல் சாவு. நான் இதுவரை யாரும் செத்துப் பார்க்காதவள்; கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை வந்து பெட்டியின் மேல் படுத்தது.

கடைசிப் பக்கம் முடிந்தபோது மணி மூன்று ஐம்பத்தொன்று. மூடிவிட்டு மறுபடி திறந்து, அதற்குப் பின்னால் பக்கம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். பிறகு பூனையை நகர்த்திச் சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். அதிகாரியிடம் சீல் இருந்தது, முடித்தவளும் அதே ஸ்டூலில் இருந்தாள், நேரமும் ஏழு நிமிஷம் இருந்தது. பெட்டிக்குள் சீல் மட்டும்தான் இருந்தது. கன்னையா மையைக் கொடுக்க மறந்திருந்தார். காலையிலிருந்து அது தேவைப்படவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை.

“அக்கா, ஒரு கிளாஸ்,” என்றேன்.

ரத்தினம்மா பக்கத்தில் வந்து நின்று, என்ன கதை என்று கேட்டார். ஒரு அதிகாரி குதிரைக்காகக் காத்திருந்தார் என்றேன்.

“வந்துச்சா?”

“வரலக்கா.”

“இவ்ளோ பெரிய புக்கு,” என்று சொல்லிக்கொண்டே, கிளாஸின் ஈர அடியைக் கடைசிப் பக்கத்தில் நன்றாக அழுத்தி எடுத்தார். நான் பக்கத்தில் நேரத்தை எழுதினேன்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு எழுந்து ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்தேன்.